வாடிக்கையாக வருபவருக்கு நன்றி: தில்லி மதுக்கூடங்கள் தரும் தொழிற்பாடம்

'வாடிக்கையாளர்' என்னும் சொல் இன்று எல்லா வகை நுகர்வோருக்கும் பொதுவாகிவிட்டது. நேற்று நம் வங்கியில் கணக்குத் தொடங்கியவரும் வாடிக்கையாளர். ஒரே ஒருமுறை வரைவோலை எடுக்க வந்தவரும் வாடிக்கையாளர். ஆயினும் அச்சொல்லின் வேரில் இருப்பது 'வாடிக்கை', அதாவது வழக்கம். வாடிக்கையாகப் பால் வாங்கும் வீடு, வாடிக்கையாக மளிகை வாங்கும் கடை என்று நம் பெரியோர் கூறியபோது, மீண்டும் மீண்டும் வருதலையே அச்சொல்லால் குறித்தனர். பொருளை விற்றுவிடுவதோடு வணிகம் முடிந்துவிடுவதில்லை; வாங்கியவர் மறுபடியும் வருவதில்தான் அது நிலைபெறுகிறது.

அவ்வாறு மறுபடியும் வருபவருக்கு நன்றி செலுத்துவது எப்படி? இக்கேள்விக்கு விடை காண, இவ்விதழில் நாம் சற்று வேறுபட்ட ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறோம். 'பார்' என்று வழங்கும் மதுக்கூடமே அவ்விடம். தலைநகரில் உணவகத் தொழிலை நடத்துவோரும், அதில் பணிபுரிவோரும் நம் வாடிக்கையாளர்களுள் உள்ளனர். மது அருந்துதலை ஊக்குவிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. மது உடல்நலத்துக்குத் தீங்கானது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே இவ்விடம் பாடத்துக்குப் பொருத்தமாகிறது. துணிக்கடையில் ஒரு கைக்குட்டையைக் கூடுதலாகக் கொடுத்தால் எவருக்கும் கேடில்லை. மதுக்கூடத்தில் அளவுக்கு மேல் ஊற்றிக் கொடுத்தால், கொடுத்தவரின் வேலைக்கும், கடையின் உரிமத்துக்கும், பெற்றவரின் உயிருக்கும் கேடு நேரலாம். நன்றி எது, நன்றிபோலத் தோன்றுவது எது என்று பிரித்தறிய வேண்டிய தேவை இங்கு மிகுதி.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பத்தாவது இனியவை கூறல். பதினோராவது செய்ந்நன்றி அறிதல். மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே நூலின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை. மதுக்கூடத்தில் பணிபுரிபவர் இவ்விரு பகுதிகளுக்கும் நடுவே நின்று தொழில் செய்கிறார் எனலாம். அவர் காட்டும் நன்றி முதல் மூன்று அதிகாரங்களின் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. தில்லியும் அதன் நிலையான வருகையாளரும்

1929 முதல் 1933 வரை கட்டப்பட்ட கன்னாட் பிளேஸ் இன்றும் புதுதில்லியின் வணிக மையமாக விளங்குகிறது. 1940-இல் தோன்றிய க்வாலிட்டி உணவகமும், 1942-இல் தோன்றிய யுனைட்டெட் காஃபி ஹவுஸும் இங்குப் பல தலைமுறைகளைக் கண்டவை. சுற்றியுள்ள தெருக்களில் புதிய உணவகங்கள் திறப்பதும் மூடுவதும் ஓயாது நிகழ்கின்றன. வாடகை மிகுந்த இத்தகைய இடத்தில் ஒரு கடை பல்லாண்டு நிலைத்திருக்க வேண்டுமாயின், வழிப்போக்கரை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

மது இல்லாத ஓர் எடுத்துக்காட்டையும் இங்குக் கருதலாம். காஃபி வாரியம் நடத்திவந்த காஃபி ஹவுஸ்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் போன்றோரின் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957-இல் தில்லியில் இந்தியன் காஃபி ஹவுஸ் தொடங்கியது. கன்னாட் பிளேஸில் இன்று பாலிகா பஜார் உள்ள பகுதியில் இயங்கிய அதன் கட்டடம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், இடிக்கப்பட்டது. பின்னர் அது பாபா கடக் சிங் சாலையிலுள்ள மோகன் சிங் பிளேஸின் மேல்தளத்துக்குச் சென்றது. இடம் மாறியபோதும், எழுத்தாளரும் ஓய்வுபெற்ற ஊழியரும் அரசியல் பேசுவோரும் தேடிச் சென்று அங்கு அமர்ந்தனர். ஒரு கோப்பைக் காஃபியோடு நெடுநேரம் அமர்ந்திருப்பவரை எவரும் எழுப்புவதில்லை என்பதே அவ்விடத்தின் பெயர். விலைக்கழிவோ பரிசோ இல்லாமல், அமர்ந்திருக்க விடுவதாலேயே ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரை மதிக்க இயலும் என்பதற்கு இது சான்று.

வங்கியின் கண்ணோட்டத்திலும் இதனைக் காணலாம். ஓர் உணவகத்தின் கடன் மனுவை ஆராயும்போது, பண்டிகை மாதத்தின் உச்ச வரவை விட, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையின் வரவையே நாம் கூர்ந்து பார்க்கிறோம். அந்த வரவு சீராக இருக்குமாயின், அங்கு வாடிக்கையாக வருபவர் உள்ளனர் என்று பொருள்.

ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் ஒருமுறை வந்து 1,200 ரூபாய் செலவிடும் ஒருவர், ஆண்டின் 52 வாரங்களில் 62,400 ரூபாய் தருகிறார். அத்தகையோர் 40 பேர் இருப்பின், ஆண்டு வரவு 24,96,000 ரூபாய். இதில் நூற்றுக்கு இரண்டு பங்கை நன்றி செலுத்துவதற்கென ஒதுக்கினால், ஒருவருக்கு ஆண்டுக்கு 1,248 ரூபாய். ஒரு வருகைக்கு 24 ரூபாய். இத்தொகையை நினைவில் கொள்க. நான்காம் பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

2. முதல் நன்றி: நினைவு

பணச்செலவில்லாத நன்றி நினைவில் வைத்திருத்தல். வருபவரின் பெயர், அவர் விரும்பி அமரும் இடம், குளிர்ந்த நீர் வேண்டுமா சாதாரண நீர் போதுமா, எந்தப் பண்டம் அவருக்கு ஒவ்வாது என்பனவற்றை அறிந்திருத்தல் பரிமாறுநரின் முதற்கடமை. தில்லியில் பெயரோடு 'ஜி' சேர்த்து அழைப்பது இயல்பான மரியாதை. தமிழர் என அறிந்தால் 'வாங்க சார்' என்ற ஒரு சொல் போதும். தொலைவில் வாழ்பவருக்குத் தாய்மொழியில் வரும் ஒரு சொல்லின் மதிப்பு பெரிது.

உடல்நலமின்றிச் சில வாரம் வராதிருந்தவரை, 'பார்த்து நாளாயிற்று, நலமா?' என்று வினவுதல் நன்று. 'ஏன் வரவில்லை?' என்று கேட்டல் நன்றன்று. முன்னது அக்கறை; பின்னது கணக்குக் கேட்டல். குடிப்பதைக் குறைத்துக்கொள்ள முயன்று அவர் வராமலிருந்திருக்கலாம். அவ்வாறாயின் எலுமிச்சைச் சாறோ சோடாவோ கேட்கும்போது, பழைய மரியாதையில் அணுவளவும் குறையாமல் அதனைக் கொண்டுவந்து வைப்பதே உயர்ந்த நன்றி. 'என்ன சார், இன்று இது மட்டுந்தானா?' என்னும் கேலி, ஒருவரின் பல மாத முயற்சியைக் கெடுத்துவிடக்கூடும்.

நினைவுக்கு ஓர் எல்லையும் உண்டு. வாடிக்கையாக வருபவர் ஒருநாள் மேலதிகாரியுடனோ, மாமனாருடனோ வருகிறார் எனக் கொள்வோம். அவர் அமர்வதற்கு முன்பே, 'வழக்கமானதுதானே சார்?' என்று பலர் கேட்க வினவினால், அவரைச் சிறப்பித்ததாகாது, காட்டிக்கொடுத்ததாகும். அனுபவம் மிக்க பரிமாறுநர் முதலில் உடன் வந்திருப்பவர் யாரென நோக்குவார். பின்பு எல்லோரிடமும் கேட்பதுபோல் உணவுப் பட்டியலை நீட்டுவார். எவர், எவரோடு வந்தார், எவ்வளவு அருந்தினார் என்பன அம்மேசையைத் தாண்டக்கூடாத செய்திகள். தொலைபேசியில் எவர் கேட்டாலும் சொல்லத்தக்கவை அல்ல. வங்கி ஊழியர் ஒருவரின் இருப்புத் தொகையை மற்றவரிடம் வெளியிடாமை போன்றதே இது.

பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதற்காகக் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் கேட்டுப் பெறும் கடைகள் பல. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்படுகிறது என்பதைக் கூறி ஒப்புதல் பெறுதலை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால், நோக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பவரை வற்புறுத்த வேண்டா. 'இனி அனுப்ப வேண்டா' என்பவரின் எண்ணை அன்றே நீக்கிவிடுங்கள்.

3. கொடுப்பவர் எவருடையதைக் கொடுக்கிறார்?

வாடிக்கையாக வருபவர் தட்டில் அன்பளிப்பு வைக்கிறார். பரிமாறுநரும் பதிலுக்கு ஏதேனும் செய்ய விழைகிறார். இது இயற்கை. ஆனால் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது முதலாளியின் பாட்டில். அங்கிருந்து அவர் கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு துளியும் பிறர் பொருள். நன்றி தன்னுடையதாக இருக்கலாம். அதற்கான செலவு பிறருடையதாக இருத்தல் ஆகாது.

எனவே இதில் ஐயத்துக்கு இடமில்லாத விதி தேவை. யார், எதை, எந்த அளவு வரை இலவசமாகக் கொடுக்கலாம் என்பதை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும். மூத்த பரிமாறுநர் ஒரு பொழுதுக்கு இவ்வளவு ரூபாய் வரை தம் விருப்பப்படி வழங்கலாம் என்று ஒரு வரம்பு இருப்பின், அவர் மறைந்து செய்ய வேண்டியதை மதிப்போடு வெளிப்படையாகச் செய்வார். அவ்வரம்பைத் தராத உரிமையாளர், தம் ஊழியரை ஒன்று கஞ்சராக்குகிறார். இல்லையேல் களவுக்குத் தூண்டுகிறார்.

4. அளவின் கணக்கு

நம் நாட்டு மதுக்கூடங்களில் சிறிய பெக் என்பது 30 மில்லி லிட்டர். பெரிய பெக் 60 மில்லி லிட்டர். 750 மில்லி லிட்டர் பாட்டில் ஒன்றில் 25 சிறிய பெக்குகள் உண்டு. வேண்டியவர் என்பதற்காக ஒவ்வொரு பெக்கிலும் 5 மில்லி லிட்டர் கூட்டி, 35 மில்லி லிட்டராக ஊற்றினால் என்ன ஆகும்?

பத்துப் பாட்டில்களில் 7,500 மில்லி லிட்டர். முப்பதால் வகுத்தால் 250 பெக். முப்பத்தைந்தால் வகுத்தால் 214 பெக். வேறுபாடு 36. ஒரு பெக்கின் விலை 300 ரூபாய் எனக் கொண்டால், விற்பனைக் கணக்கில் 10,800 ரூபாய் காணாமற்போகிறது.

இனி முதற்பகுதியில் குறித்த நம் வாடிக்கையாளரிடம் வருவோம். அவர் ஒரு வருகையில் இரண்டு சிறிய பெக் அருந்துபவர் எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 மில்லி லிட்டர் மிகுதியாக ஊற்றினால், விற்பனை விலையில் ஒரு வருகைக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 5,200 ரூபாய். நாம் ஒதுக்கிய 1,248 ரூபாயைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இத்தனை செலவும் பெறுபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 35 மில்லி லிட்டரைப் பார்த்து, 'எனக்கு நன்றி செலுத்தியுள்ளார்கள்' என்று எவரும் உணர்வதில்லை. அதே 24 ரூபாய்க்கு, அவர் விரும்பும் மசாலா அப்பளத்தையோ, வறுத்த வேர்க்கடலையையோ ஒரு தட்டில் வைத்து, 'இது எங்கள் சார்பில்' என்று கூறினால், அவர் மகிழ்வதை நேரிற்காணலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இரண்டு பெக்கோடு நிறுத்திக்கொள்பவர் தம் உடலுக்கும், வீட்டுக்குச் செல்லும் வழிக்கும் ஓர் அளவை வகுத்துக்கொண்டவர். 60 மில்லி லிட்டர் அருந்தினோம் என்று அவர் எண்ண, உண்மையில் 70 மில்லி லிட்டர் உள்ளே சென்றிருக்கும். அவர் கணக்கை அவர் அறியாமலே நாம் மாற்றிவிட்டோம். இதனை நன்றி என்று எவ்வாறு அழைப்பது? வணிகத்தில் பயன்படும் அளவைகள் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்றவையாக இருத்தல் வேண்டும். முத்திரையிட்ட அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றுவது, குறைத்து ஊற்றாமைக்கு மட்டுமின்றி மிகுத்து ஊற்றாமைக்கும் காவல். ஆகவே, நன்றியை மதுவாகக் கொடாமல் உணவாகக் கொடுப்பது எல்லா வகையிலும் சிறந்தது.

5. ஏட்டில் ஏற வேண்டும்

வணிகவியல் பயின்றோர் முதலாண்டிலேயே கற்கும் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. இலவசமாகக் கொடுத்த தட்டுக்கும் இது பொருந்தும். சமையலறையிலிருந்து பண்டம் வெளியேறியது, பணம் வரவில்லை, அது எங்கே சென்றது என்பதை ஏடு சொல்ல வேண்டும். 'வாடிக்கையாளர் நல்லெண்ணச் செலவு' என்று ஒரு தனித் தலைப்பைத் தொடங்கிக்கொள்ளலாம். தேதி, மேசை எண், வழங்கிய பொருள், மதிப்பு, வழங்கியவரின் கையொப்பம் ஆகிய ஐந்து பத்திகள் போதும். மாத இறுதியில் கூட்டிப் பார்த்தால், யாருக்கு மிகுதியாகச் சென்றது, யாரை மறந்தோம் என்பதும் புலப்படும். மறந்தவர்களின் பட்டியலே பெரும்பாலும் பயனுள்ளதாக இருக்கும். உரத்துப் பேசிக் கேட்டு வாங்குபவர் பெற்றிருப்பார், ஓரமாக அமர்ந்து அமைதியாகச் செல்பவர் பெற்றிருக்க மாட்டார்.

வரி குறித்தும் ஒரு சொல். மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி. வரம்புக்கு வெளியே உள்ளது. அதற்கு மாநில மதிப்புக் கூட்டு வரி பொருந்தும். உணவுக்கு ஜி.எஸ்.டி. பொருந்தும். எனவே மதுக்கூடத்தின் ரசீதில் இரு பகுதிகள் இருக்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, விற்பனையின்போதே கொடுத்து ரசீதிலும் காட்டப்பட்ட கழிவு, வரிக்குரிய மதிப்பிலிருந்து குறைக்கப்படுகிறது. ரசீதில் காட்டாமல் வாய்மொழியாகக் குறைத்துப் பணம் பெற்றால், குறையாத தொகைக்கு வரி கட்ட நேரும். ஆகவே, உணவின் மீது தரும் கழிவை உணவுப் பகுதியில் தெளிவாக அச்சிட்டுத் தருக. வாடிக்கையாளரும் தமக்கு அளிக்கப்பட்ட சலுகையைக் கண்ணாற் காண்பார். மது இருப்பைப் பொறுத்தவரை, கலால் துறைக்குக் காட்டும் கணக்கோடு பாட்டில்கள் ஒத்துவருதல் இன்றியமையாதது. கணக்கில் வராத தாராளம் அங்கே உரிமத்துக்கே இடராக முடியும்.

6. நன்றியைக் கட்டணமாக்கலாமா?

இதுவரை கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் செலுத்தும் நன்றியைக் கண்டோம். வாடிக்கையாளர் ஊழியருக்குச் செலுத்தும் நன்றியும் உண்டு. அதைப் பற்றித் தில்லி உயர் நீதிமன்றத்தில் நிகழ்ந்த வழக்கு உணவகத் தொழிலில் உள்ள அனைவரும் அறியத்தக்கது.

பல உணவகங்கள் ரசீதில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தாமாகவே சேர்த்துவந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, அவ்வாறு தாமாகச் சேர்த்தலைத் தடுத்தது. வேறு பெயரில் வாங்குதலும், கொடுக்க மறுப்பவருக்கு அனுமதியோ சேவையோ மறுத்தலும் கூடாது என்றது. உணவகச் சங்கங்கள் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அதே மாதம் 20-ஆம் நாள் இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங், வழிகாட்டு நெறிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்து, மனுக்களைத் தள்ளுபடி செய்தார். மனுதாரர்கள் ஒவ்வொருவரும் 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகை செலுத்தவும் ஆணையிட்டார். இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது.

வாடிக்கையாளர் தாமாக விரும்பித் தரும் அன்பளிப்பை இத்தீர்ப்பு தடுக்கவில்லை. வேறுபாடு கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடையே உள்ளது. விரும்பித் தந்தால் நன்றி; கேளாமலே பிடித்துக்கொண்டால் அது விலையின் மற்றொரு பகுதி. விலையை உயர்த்த வேண்டுமாயின் பட்டியலில் உயர்த்துக.

ஊழியருக்கு வரும் அன்பளிப்பைப் பகிர்வதிலும் ஒழுங்கு வேண்டும். இன்று பலரும் சில்லறை வைத்திருப்பதில்லை, யு.பி.ஐ. வழியே தருகின்றனர். ஒவ்வோர் ஊழியரும் தம் சொந்தக் கியூஆர் குறியீட்டைக் காட்டத் தொடங்கினால், எது கடைக்கு, எது ஊழியருக்கு என்பது குழம்பிவிடும். அன்பளிப்புக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதற்குரிய குறியீட்டில் 'ஊழியர் அன்பளிப்பு, விருப்பத்துக்கு உட்பட்டது' என்று எழுதிவைக்கலாம். வாரந்தோறும் பாத்திரம் துலக்குபவர் உட்பட அனைவருக்கும் பகிர்ந்து, பகிர்ந்த கணக்கைச் சுவரில் ஒட்டுதல் நன்று.

7. கடனும் கார்டும்

'இன்று ரொக்கம், நாளை கடன்' என்னும் பலகையைக் காணாத தமிழர் இலர். வாடிக்கையாக வருபவர் ஒருநாள், 'அடுத்த வாரம் தருகிறேன்' என்பார். மறுப்பது கடினம். எனினும் கடன் கொடுப்பது நன்றி செலுத்தும் வழியாகாது. கடன்பட்டவர் கடையைத் தவிர்க்கத் தொடங்குவார். பணமும் வராது, ஆளும் வரமாட்டார். குடிக்காகப் படும் கடன் அவர் குடும்பத்தின் மளிகைப் பணத்தில் முடியும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கடையின் விதி எல்லோருக்கும் ஒன்று என்று கூறிவிடுதல் இருவருக்கும் எளிது.

நெடுநாள் பழக்கத்தின் காரணமாகச் சிலர் தம் கார்டைப் பரிமாறுநரிடம் கொடுத்து, இரகசிய எண்ணையும் சொல்லிவிடுவதுண்டு. அது நம்பிக்கையின் அடையாளமே. எனினும், 'எந்திரத்தையே கொண்டுவருகிறேன் சார், நீங்களே அழுத்துங்கள்' என்று பணிவாகக் கூறுதல் அந்நம்பிக்கைக்கு உரிய மரியாதை. 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரையிலான தொகையை இரகசிய எண் இன்றித் தொடாமுறையில் செலுத்த ரிசர்வ் வங்கி வழிசெய்துள்ளது. கடைசியில் மொத்தமாகச் செலுத்துவோரின் கார்டை இரவு முழுதும் கல்லாவில் வாங்கி வைத்திருத்தலும் தேவையற்றது. மேசை எண்ணில் கணக்கெழுதினால் போதும். கார்டு எப்பொழுதும் உரியவரின் கண்பார்வையில் இருத்தல் வேண்டும்.

8. மறுத்தலும் மரியாதையே

வாடிக்கையாக வருபவர் என்பதற்காகத் தளர்த்த இயலாத விதிகள் சில உள்ளன. தில்லியில் மது விற்கப்படுவதற்குரிய குறைந்த வயது 25. அண்டையிலுள்ள குருகிராமிலும் நொய்டாவிலும் அது 21, தமிழ்நாட்டிலும் 21. எனவே 22 வயதுள்ள தம் தம்பியை அழைத்துவரும் வாடிக்கையாளர், 'அங்கெல்லாம் கொடுக்கிறார்களே' என்பார். இங்குக் கொடுத்தல் இயலாது. குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய மதுவிலக்கு நாள்களில் 'எனக்கு மட்டும்' என்று கேட்பவருக்கும் இதுவே விடை. மறுக்கும்போது சட்டத்தை முன்வைத்து மறுக்க வேண்டும்; மனிதரைக் குறைத்து மறுக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது, போதும் என்று சொல்லவேண்டிய நேரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்க வண்டியோட்டுதல் குற்றம். முதன்முறை ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் இரண்டாண்டு வரை சிறையோ, 15,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்புக்கு அளவில்லை. தெருவில் நடந்து சென்றவர் எவரோ அதில் மடியக்கூடும்.

இங்குத்தான் பல ஆண்டுப் பழக்கம் பயன்படுகிறது. முன்பின் அறியாதவர் சொன்னால் சினம் கொள்பவர், தம் பெயரையும் இயல்பையும் அறிந்த பரிமாறுநர் சொன்னால் கேட்பார். உணவை முன்னதாகக் கொண்டுவருதல், நீரைக் கேளாமலே நிரப்புதல், 'ராஜீவ் சவுக்கில் கடைசி மெட்ரோவுக்கு இன்னும் அரைமணி இருக்கிறது சார்' என்று நினைவூட்டுதல், வாடகை வண்டி வரவழைத்தல், வண்டிச் சாவியைக் காலைவரை காப்பில் வைத்திருந்து தருவதாகக் கூறுதல் ஆகியன இத்தொழிலின் நுண்திறன்கள். அன்றைய இரவு ஒரு பெக்கின் விற்பனை குறையும். அவர் அடுத்த வாரமும் உயிரோடும் நலத்தோடும் வருவார். வாரத்துக்கு ஒருமுறையாக 52 வாரம் வருபவரை இழப்பதற்கு முன், 300 ரூபாயை இழப்பது நல்ல வணிகம். நல்ல வணிகம் என்பதற்காக மட்டும் செய்யத்தக்கதும் அன்று.

அவர் மறுநாள் நாணத்தோடு வந்து நிற்கும்போது, முன்னிரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், வழக்கமான இருக்கையைத் துடைத்துக் கொடுங்கள்.

பயிற்சி

கீழ்க்காணும் நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று எண்ணிப் பார்த்து, பின்னர் விடைக்குறிப்பைக் காண்க. வேறு தொழில் செய்வோர் மதுக்கூடம் என்பதற்குப் பதிலாகத் தம் கடையை வைத்துக்கொள்ளலாம்.

1. பத்தாண்டாக வருபவர் தம் மணநாளில் மனைவியோடு வருகிறார். உரிமையாளர் ஊரில் இல்லை. என்ன கொடுக்கலாம்?

2. உங்கள் கடையில் இலவசமாகச் செல்லும் பொருள்களின் மாத மதிப்பு எவ்வளவு? ஏட்டைப் பார்க்காமல் கூற முடிகிறதா? ஏட்டைப் பார்த்தால் கூற முடிகிறதா?

3. நாள்தோறும் வரத் தொடங்கிய ஒருவர், முன்பு வாரம் ஒருமுறை வந்தவர். விற்பனை கூடியுள்ளது. மகிழத்தக்கதா?

விடைக்குறிப்பு: முதல் வினாவுக்கு, எழுத்திலுள்ள வரம்புக்குள் ஓர் இனிப்பு, ஏட்டில் பதிவு. வரம்பு எழுதப்படவில்லையெனில், கைப்பேசியில் உரிமையாளரின் ஒப்புதல். அதுவும் கிட்டாவிடில் நல்ல மேசையும் வாழ்த்தும் போதும். இரண்டாம் வினாவுக்கு விடை உங்கள் ஏட்டிலேயே உள்ளது. இல்லையெனில் இன்றே தொடங்குக. மூன்றாம் வினாவுக்கு, விற்பனைப் புத்தகம் 'ஆம்' என்னும். பல ஆண்டு அவரை அறிந்த நாம் அவ்விடையோடு நின்றுவிடலாகாது. தனியே, மெல்ல, 'எல்லாம் நலந்தானே சார்?' என்று கேட்க வேண்டிய நேரம் அது.

ஊழியர் அன்பளிப்புக்கெனத் தனிக் கணக்குத் தொடங்குதல், கடைக்குரிய கியூஆர் குறியீடு பெறுதல், கார்டு எந்திரத்தை மேசைக்கே கொண்டுசெல்லும் வகையில் மாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள நம் கிளையை அணுகலாம்.